மேனேஜர் எழுதிய முதல் பக்கம்

விருதுநகர்ப் பக்கம் ஒரு நூல் மில். அங்கே செம்புக் கம்பி தினமும் காணாமல் போனது. வாசலில் தொழிலாளிகளின் பையைச் சோதிக்கும் முத்துப்பேச்சியை மேனேஜர் குலசேகரன் கூப்பிட்டார்.

“சங்கு ஊதுறதுக்குள்ள திருடனைப் பிடிச்சுக் காட்டு. இல்லேன்னா உன்னைத்தான் போலீஸ்ல கொடுப்பேன்.”

முத்துப்பேச்சி கேட்டில் தொங்கிய விதிப் புத்தகத்தை எடுத்தாள். ஒருத்தரும் தப்பக்கூடாதென்று மேனேஜரே எழுதியது. முதல் பக்கம் முழுக்க எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்ற விளக்கம்தான். எழுத்துக்கூட்டி, வரிவரியாக வாசித்தாள்.

வேலை முடியும் சங்கு ஊதியது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஹாரன் அடித்துக்கொண்டு மேனேஜரின் கார் வந்தது. அந்தக் காரைக் கண்டதும் திறந்துவிடும் கேட்டை அவள் அன்றைக்குத் திறக்கவில்லை.

“திறடி கேட்டை!”

அவள் விதிப் புத்தகத்தை நீட்டினாள். “சோதிக்கணும் சார். ‘தொழிலாளி என்றால் இந்த மில்லில் சம்பளம் வாங்கும் எவரும்’னு எழுதியிருக்கு. நீங்களும் சம்பளம்தானே வாங்குறீங்க?”

“என்கிட்ட ஏதுடி பை?”

“‘பை என்றால் பொருளை வைத்து மூடக்கூடிய எதுவும்.’ டிக்கியைத் திறங்க சார்.”

வேலை போச்சு என்றே நினைத்தாள். பின்னால் வந்த காரிலிருந்து மில் முதலாளி இறங்கினார்.

“திறங்க குலசேகரன்.”

திறந்த டிக்கியில், சாக்குக்கு அடியில் செம்புக் கம்பி பளபளத்தது.

“இது கழிவுக் கம்பி முதலாளி. இதைப் போய்த் திருட்டுன்னு சொல்ல முடியுமா?”

முத்துப்பேச்சி புத்தகத்தைப் பிரித்தாள்.

“திருட்டுக்கு நீங்க எழுதின அர்த்தத்தையும் வாசிக்கட்டுமா சார்?”