உதை இல்லாத வரிசை

"வெள்ளை பெல்ட் மட்டும் கட்ட மாட்டேன், மாஸ்டர்," என்றாள் பூங்கோதை.

செருப்பைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வணக்கம் அப்புறம் வந்தது.

வயது நாற்பத்திரண்டு. திண்டுக்கல்லில் பதினோரு வருஷம் கொரியச் சண்டைக்கலையான டேக்வாண்டோ பழகிக் கறுப்பு பெல்ட் வாங்கியவள். கணவருக்குப் பொள்ளாச்சிக்கு மாற்றல். இங்கே கிடைத்தது ரெஹானா மாஸ்டரின் கராத்தே பள்ளி ஒன்றுதான். வேறு பள்ளியிலிருந்து எந்தக் கொம்பன் வந்தாலும் அங்கே முதலில் வெள்ளை பெல்ட்.

மாஸ்டருக்கு இருபத்தெட்டு வயது.

"ஏனுங்க்கா?"

"இந்தக் கறுப்பு பெல்ட் எங்க இன்னாசி மாஸ்டர் தன் கையால கட்டி விட்டது. அவர் தவறி ஆறு மாசம்கூட ஆகல. இதை அவுத்தா அவரையே தூக்கிப் போட்ட மாதிரி."

மூலையில் துரைசாமி சிரித்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். அந்தப் பள்ளியின் மூத்த மாணவர். வாய் இன்னும் மூத்தது.

"டேக்வாண்டோங்களா, அம்மணி? அதுல எல்லாமே உதைதானுங்களே, கை எதுக்கு? கீழ விழாம இருக்கவா?"

"உங்களுக்கெல்லாம் முட்டிக்கு மேல கால் எழும்பாதுன்னு கேள்விப்பட்டேன்."

"ரெண்டு பேரும் இப்படி வாங்க," என்றாள் மாஸ்டர்.

தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டாள். ஆளுக்கொன்று.

"அக்கா, உங்க மாஸ்டர் முதன்முதல்ல சொல்லிக்குடுத்த வரிசை எது?"

"பியோங்-ஆன். ரொம்பப் பழசு. இப்ப அதை யாரும் தொடறதில்லன்னு சொல்வாங்க. அவர் விடமாட்டார்."

"அதைச் செய்யுங்க. துரைசாமி அண்ணா, நீங்க நம்ம முதல் கட்டா."

கட்டா என்றால் எதிரி இல்லாமல் காற்றோடு போடும் சண்டை. நின்ற இடத்தில் தொடங்கி நின்ற இடத்திலேயே முடியவேண்டும்.

இருவர் கண்ணையும் துண்டால் கட்டினாள்.

"ஆரம்பிங்க."

பூங்கோதை இடப்பக்கம் திரும்பித் தடுத்தாள். ஓரடி வைத்துக் குத்தினாள். பக்கத்தில் ஒரு சட்டைக் கை படபடத்தது.

அவள் பின்னால் திரும்பினாள். அங்கேயும் ஒரு பாதம் தரையை உரசித் திரும்பியது.

மூன்று அடி. மூன்று தடுப்பு. மூன்றாவதில், முறைப்படி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

அதே நொடியில் பக்கத்திலும் ஒரு கத்தல்.

அவள் காது சூடானது. அடுத்த திருப்பத்தில் காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள். நல்ல உயரம்.

முடிந்தது. துண்டை அவிழ்த்தார்கள்.

துரைசாமி வட்டத்துக்குள் நின்றார். பூங்கோதை அரையடி வெளியே.

துரைசாமி சிரிக்கவில்லை. "அம்மணி, அது எங்க கட்டாங்க."

"எங்களுது. நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மாஸ்டர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"கொரியாக்காரங்க சில பேரு ஜப்பானுக்குப் படிக்கப் போனாங்க. திரும்பறப்ப இதையும் கொண்டுபோனாங்க. ஜப்பானுக்கு இது ஒகினாவா தீவுல இருந்து வந்துச்சு. ஒகினாவாவுல கேட்டா சீனாவைக் கைகாட்டுவாங்க. இன்னும் போகட்டுங்களா?"

"வேண்டாம்," என்றார்கள் இருவரும்.

"நடுவுல ஒரு உதை விட்டீங்களேக்கா. இந்த வரிசையில உதையே கிடையாதே. யார் சொல்லிக்குடுத்தது?"

பூங்கோதை தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள்.

"இன்னாசி மாஸ்டருங்களா?"

"இல்ல. இவர் செய்யறதையே நானும் செய்யறேன்னு தெரிஞ்சதும் கோவம் வந்துச்சு. நானே சேத்தேன்."

"நான் அவரைப் பாத்ததில்லீங்க்கா," என்றாள் ரெஹானா. "இப்பத்தான் பாத்தேன். நீங்க திரும்பும்போது இருந்தார். தடுக்கும்போது இருந்தார். அந்த ஒரு உதையில மட்டும் அவரைக் காணோம்."

மேலே மின்விசிறி கடகடத்தது.

பூங்கோதையின் கை இடுப்புக்குப் போனது. முடிச்சு இறுகியிருந்தது. நகத்தை விட்டு நெம்பவேண்டியிருந்தது. அவிழ்த்ததை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வெள்ளை எங்க வச்சிருக்கீங்க, மாஸ்டர்?"

"அலமாரியில. கீழ்த்தட்டு."