மந்திரியின் அபாரமான கடவுச்சொல்

கொன்றையூர் அரசர் மருதவேந்தருக்குக் கோபம் வந்தால் முதலில் தண்டனை வரும், விசாரணை பிறகு வரும். அன்று வந்ததோ சாதாரணக் கோபம் அல்ல. பட்டத்து வாள் பொக்கிஷ அறையிலிருந்து பட்டப்பகலில் களவு போயிருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சால்வையை முகம்வரை போர்த்திக்கொண்டு எவனோ வந்தான், சரியான கடவுச்சொல்லைச் சொன்னான், காவலன் சுடலைமுத்து கதவைத் திறந்துவிட்டான். சொல் சரியாக இருந்தால் முகத்தைப் பார்க்காதே என்பது பொக்கிஷ மந்திரி அனந்தகோட்டியாரின் உத்தரவு.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதை உருவாக்கிய மந்திரி ஒருவர், காவலன் இன்னொருவன்.

"காவலன்தான் உளறியிருக்கிறான், அரசே!" என்றார் மந்திரி. "என் சொல்லை யாராலும் ஊகிக்க முடியாது. பெண்டாட்டி பெயர், பிறந்த நட்சத்திரம் என்று வைக்க நான் என்ன பாமரனா?"

"நாளைக் காலை அவன் தலையை வாங்குங்கள்!" என்றார் அரசர்.

காவலனின் மனைவி பேச்சியம்மாள் ஓடிவந்து அவை விகடர் ஏகாம்பரத்தின் காலில் விழுந்தாள். "சாமி, அந்த மனுசன் எங்கிட்டகூட சொன்னதில்ல. நானும் நோண்டி நோண்டிக் கேட்டுப் பாத்துட்டேன். வாயத் தொறக்கலையே!"

ஏகாம்பரத்துக்கு மனசு கலங்கிப்போனது. பெண்டாட்டியிடமே வாய் திறக்காதவன் ஊராரிடமா திறப்பான்? நேரே அரசரிடம் போனார்.

"அரசே, உளறியவர் யாரென்று உங்கள் காதாலேயே கேட்கலாம். மாலையில் திரைக்குப் பின்னால் உட்காருங்கள். தும்மல் மட்டும் கூடாது."

பிறகு ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். கடவுச்சொல் கட்டுவதில் வல்லவர் யாரோ, அவருக்கு 'ரகசியச் சக்கரவர்த்தி' பட்டமும் பொன்னாடையும் உண்டு!

ஏகாம்பரம் நடுவர் ஆசனத்தில் அமர்வதற்குள் மந்திரி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"மற்றவர்களை ஏன் வீணாகக் காக்க வைக்கிறீர்? பட்டத்தை இப்படிக் கொடும்."

"சொல்லைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது?"

மந்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அல்ல. இன்னும் நாலு பேர் கேட்டால் நன்றாயிருக்குமே என்றுதான்.

"'எட்டுக் கொம்பு முயல் வெள்ளிக்கிழமை மோர் குடித்தது.' வாள் போன கையோடு மாற்றினேன். எப்படி?"

"அபாரம்! பழையது இவ்வளவு அழகாக இருந்திருக்காது."

மந்திரிக்குச் சுருக்கென்றது. "ஏன் இருக்காது? 'ஒன்பது வால் எலி ஊஞ்சலில் தூங்கியது!' பேரன் காதுகுத்துப் பந்தியில் சொன்னேன். இலையை விட்டு எழுந்து கைதட்டினார்கள் ஐயா! ஒருவர் மறுபடியும் சொல்லச் சொல்லி மனப்பாடமே செய்துகொண்டார்."

"யார் அவர்?"

"தெரியாது. நல்ல ரசிகர்."

திரை விலகியது. அரசரைக் கண்டதும் மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. சுடலைமுத்து அப்போதே விடுதலையானான். பொன்னாடையும் அவன் தோளுக்கே போனது. பேச்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நல்ல ரசிகரைத் தேடிப் பிடிக்கும் வேலை மந்திரியின் தலையில் விழுந்தது.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்துத் தன் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார். பிறகு அவரைத் தனியே ஓரமாக இழுத்துப் போனார்.

"இருந்தாலும் ஏகாம்பரம், அந்தப்புர வாசலுக்கு நான் ஒரு சொல் வைத்திருக்கிறேன் பார், அதற்கு முன்னால் மந்திரியுடையது ஒன்றுமே இல்லை. கேளேன்..."

ஏகாம்பரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"பொன்னாடை தீர்ந்துவிட்டது, அரசே!"