வாசம் இல்லை என்றவர்

காசிலிங்கம் அண்ணாச்சி சொன்ன இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் இருபத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவருக்குப் பெட்ரோல் வாசம் தெரியாமல் போகுமா என்ற இடத்தில் என் மனது ஒவ்வொரு முறையும் நின்றுவிடும்.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கழிமுகத்தில் ஜெட் ஸ்கி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளப் போனார். சுற்றுலா வருகிறவர்கள் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் ஸ்கூட்டர் அது. கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அவளுக்கு முப்பத்தாறு வயது, இவருக்கு ஐம்பத்தொன்பது. கேலியாக ‘டீச்சரு’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் கேலி போய்விட்டது. கூப்பிடுவது மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

ஜெசிந்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சீட்டைக் கழற்றி ஓரமாக வைப்பாள். பிறகு ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிடுவாள். “கொஞ்சம் மோந்து பாத்துட்டுப் போங்க.” தபால்காரர் மோந்து பார்ப்பார். வெள்ளரிக்காய் விற்கிறவர் மோந்து பார்ப்பார். ஊர்க்கதை பேச அது ஒரு சாக்கு என்றே அண்ணாச்சி நினைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வேணி கணவனோடு வந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. மூன்று வருடம் பேச்சு இல்லை. போன வாரம் அவளே போன் செய்து, “நீங்க ரிப்பேர் பண்ண வண்டியில ஒரு ரவுண்டு போகணும்ப்பா” என்றிருந்தாள். ஒன்றரை மணிக்கு அவர்களுக்கு பஸ்.

அண்ணாச்சி தனியாக வேலை பார்த்த வண்டி ஒன்றே ஒன்றுதான். பதினெட்டு வருடப் பழைய சிவப்பு வண்டி. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயின் இணைப்பில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. கிளாம்பை மாற்றி, அடியில் தேங்கியதைத் துடைத்து எடுத்திருந்தார்.

ஜெட் ஸ்கியின் உடம்பு ஒரு மூடிய பெட்டி. கசிந்த பெட்ரோலின் ஆவி அடியிலேயே தங்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பொறி பட்டால் போதும்.

பதினோரு மணிக்கு மகளும் மருமகனும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தா வந்தாள்.

“வாசம் இருக்கா, அண்ணாச்சி?”

“இல்ல, டீச்சரு.”

“எப்ப இருந்து உள்ள குனிஞ்சு கிடக்கிய?”

“விடிஞ்சதுல இருந்து.”

“அப்ப நீங்க சொல்லுதது செல்லாது. அரை மணி நேரத்துல மூக்கு மரத்துப் போயிரும்.”

“இருபத்தெட்டு வருசம் இன்ஜினோட குடும்பம் நடத்துனவன் சொல்லுதேன்.”

“தெரியும். உங்க வீட்டு மதினி சொல்லி வருத்தப்பட்டாவ.”

மருமகன் சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சாவிக் கயிற்றைக் கையில் எடுத்தார்.

ஜெசிந்தா அதைக் கேட்டு வாங்கவில்லை. வேணியைப் பார்த்து, “இங்க வாம்மா. கொஞ்சம் குனி” என்றாள்.

வேணி குனிந்தாள். உடனே நிமிர்ந்தாள்.

“பெட்ரோல் அடிக்குதேப்பா.”

“அது துடைச்ச துணி.”

ஜெசிந்தா துணியை எடுத்துப்போய் மணலில் தூரமாகப் போட்டுவிட்டு வந்தாள். “இப்ப?”

“இப்பவும் அடிக்குது.”

வண்டியின் உடம்பைத் திறந்தே வைத்துக் காற்றாட விட்டார்கள். பிறகு ஜெசிந்தா குழாய்களை இன்ஜின் பக்கம் மட்டும் கழற்றி வாய்களை அடைத்தாள். ஒன்றில் மட்டும் சைக்கிள் பம்பைப் பொருத்தி வேணியிடம் கொடுத்தாள்.

“மெதுவா அடிம்மா. பலூனுக்கு ஊதுத மாதிரி.”

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே வேணி அடித்தாள். அண்ணாச்சி பிரஷ்ஷில் சோப்பு நுரையைத் தொட்டு, தான் மாற்றிய கிளாம்பின் மேல் முதலில் பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“பாத்தியளா?”

“பாத்தேன். நல்லா மாத்தியிருக்கிய. இன்னும் கீழ பூசுங்க.”

ஒரு சாண் கீழே, குழாய் வளைந்து உரசுகிற இடத்தில் நுரை பெருத்தது. குமிழி எழுந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அந்த இடத்தை வளைத்துப் பார்த்தால் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. நிமிர்த்தினால் மூடிக்கொண்டன.

“இத மட்டும் மாத்துனா போதும்லா? அரை மணி நேரம்” என்றார் அண்ணாச்சி.

“மத்த குழாயெல்லாம் நேத்தா பொறந்துச்சு?”

எல்லாவற்றையும் உருவினாள்.

பஸ் வந்தபோது வண்டி பாதி பிரிந்து கிடந்தது. வேணி சவாரி போகாமலேயே ஏறினாள். கையெல்லாம் சோப்பு. ஜன்னல் வழியாக, “சாப்பிட்டுட்டு வேலை பாருங்கப்பா” என்றாள். அடுத்து எப்போது வருவாள் என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் புதுக் குழாய்கள் முழுக்க நுரை பூசிப் பார்த்தார்கள். எங்கும் குமிழி இல்லை. ரோட்டில் போன ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னவர் இந்த முறை அண்ணாச்சி.

அந்த ஆள் போன பிறகு அண்ணாச்சி கேட்டார். “டீச்சரு, இனிமே என் மூக்கை நான் எப்பதான் நம்புதது?”

ஜெசிந்தா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“இருக்குன்னு சொன்னா நம்புங்க. இல்லன்னு சொன்னா நம்பாதிய.”

இந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்திக்கொள்வார். நானும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போன மாதம் எழுந்திருக்கவில்லை. கேட்டேன்.

“அண்ணாச்சி, மக குனிஞ்சு பாக்குததுக்கு முன்னால, ஜெசிந்தா உங்ககிட்ட கேட்டாள்லா? அப்ப இல்லன்னு சொன்னது உங்க மூக்குதானா?”