அரசரின் கன்னம்

பாபிலோனில் ஒரு வழக்கம் இருந்தது. புத்தாண்டு விழாவின் ஐந்தாம் நாள் அரசர் மர்துக் கோயிலுக்குள் தனியாக வருவார். தலைமைப் பூசாரி அவருடைய கிரீடம், செங்கோல், மோதிரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு அவர் கன்னத்தில் அறைவார். அரசர் அழ வேண்டும். கண்ணீர் வந்தால்தான் மர்துக் கடவுள் இன்னும் ஓர் ஆண்டு ஆட்சியைத் தருவார்.

இருபது ஆண்டுகள் அறைந்தவர் தலைமைப் பூசாரி பலாசு. இந்த முறை அவரால் கையைத் தூக்க முடியவில்லை. வேலை அவருடைய சீடன் குதுருவுக்கு வந்தது. குதுரு செங்கல் அறுப்பவரின் மகன். அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள்.

நான்காம் நாள் காலை அரண்மனை அதிகாரி வந்தார்.

“செங்கல்காரன் மகனே, நாளைக்கு ரொம்ப உழைக்காதே. விரலால் தொட்டால் போதும்.”

“கண்ணீர் வர வேண்டுமே, ஐயா.”

“மோதிரத்துக்கு அடியில் வெங்காயத் துண்டு வைத்திருப்போம். அரசர் கண்ணைத் துடைப்பதுபோல் தேய்த்துக்கொள்வார். சிங்கத்தைக் கொன்றவர் அவர். பலமாக அடித்தால் மறுநாள் அந்தக் கை உன்னிடம் இருக்காது.”

அவர் போனதும் குதுரு குருவிடம் வந்தான்.

“குருவே, அரசரை மர்துக்குக்குச் சமம் என்று பாடுகிறார்கள். நான் எப்படி அடிப்பது?”

பலாசு பேரீச்சங்கொட்டையைத் துப்பினார். “மர்துக்குக்கு அதிகாரம் எப்படி வந்தது?”

“தியாமத் என்ற கடல் அரக்கி தேவர்களை அழிக்க வந்தாள். ஒருவரும் எதிர்க்கவில்லை. மர்துக் மட்டும், என்னைத் தலைவனாக்கினால் போரிடுகிறேன் என்றார். தேவர்கள் கூடி விருந்து சாப்பிட்டு, அதிகாரத்தைக் கொடுத்தார்கள்.”

“குடித்துவிட்டு.”

“ஆமாம், குடித்துவிட்டு.”

“கொடுத்தவர்கள் யார்?”

குதுரு யோசித்தான். “பயந்துபோய் இருந்தவர்கள்.”

“உனக்குப் பயமாக இருக்கிறதா?”

“இருக்கிறது, குருவே.”

“அப்படியானால் நீ சரியான ஆள்தான்.”

மறுநாள் அரசர் வந்து மண்டியிட்டார். குதுரு கிரீடத்தை எடுத்தான். செங்கோலை வாங்கினான். மோதிரத்தைக் கழற்றியபோது வெங்காயத் துண்டு தரையில் விழுந்தது. அரண்மனைக்காரர்கள் யாரும் இந்தச் சடங்கைப் பார்த்ததில்லை. அடிக்கு முன்பே மோதிரம் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாது; அரசருக்கும் இதுவே முதல் முறை.

குதுரு அடித்தான். பூனை தட்டியதுபோல் இருந்தது.

அரசர் உறுதிமொழியை ஒப்பித்தார். “நான் கோயிலை மறக்கவில்லை. நகரத்து மக்களின் கன்னத்தில் அடித்ததில்லை.” பிறகு கையை நீட்டினார். “போதும். கிரீடத்தைக் கொடு.”

கண்கள் காய்ந்தே இருந்தன. குதுரு வாசலில் நின்ற பலாசுவின் பக்கம் திரும்பினான்.

“குருவே, அரசர் கேட்கிறார்.”

“எந்த அரசர்?” என்றார் பலாசு.

குதுரு கையிலிருந்த கிரீடத்தைப் பார்த்தான். அதை மர்துக்கின் காலடியில் வைத்தான். அரசரிடம் திரும்பினான்.

“என் அப்பாவுக்கு இரண்டு பல் இல்லை. மழையில் செங்கல் காயவில்லை என்று சொன்னார். அடித்தது நீங்கள்.”

“நினைவில்லை.”

குதுரு அறைந்தான். சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. அரசரின் கண்ணில் நீர் முட்டி, ஒரு துளி தாடிக்குள் இறங்கியது.

குதுரு வழக்கப்படி கிரீடத்தையும் செங்கோலையும் மோதிரத்தையும் திருப்பிக் கொடுத்தான். அரசர் எழுந்தார். கன்னம் சிவந்திருந்தது. நேராகப் பலாசுவிடம் போனார்.

“வெளியே என் காவலர்கள் நிற்கிறார்கள். உன் சீடனின் கையை வெட்டச் சொல்லட்டுமா?”

குதுரு கையை மறைக்கவில்லை.

“சொல்லுங்கள், அரசே,” என்றார் பலாசு. “அடுத்த ஆண்டு வேறு கை வரும். கன்னம் இதேதான்.”