சடையப்பன் போட்ட கட்டு

கடவுள் புத்தியைப் பந்தி வைத்துப் பரிமாறிய அன்று, ஏழுகழுதைப்பட்டிக்காரர்கள் வேறு ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. அந்த ஊர்ச் சடையப்பனுக்கு, பக்கத்து ஊரில் வாக்கப்பட்ட தங்கச்சி வெள்ளத்தாயி போன் போட்டாள்.

"அண்ணே, மேக்க மேகம் கருக்குது. அறுத்த நெல்லுக்கதிரு பூராவும் களத்துல கெடக்கு. நனைஞ்சா முளைச்சிரும், வருசச் சாப்பாடே போச்சு. கதிரடிக்கிற மிஷினை டிரெய்லர்ல ஏத்திக் கொண்டாங்க. இறுக்கிக் கட்டுங்க. கயித்து மேல இருந்து கண்ணை எடுக்காதீங்க. டிரைவரு ரோட்டை மட்டும் பாக்கட்டும்."

சடையப்பனுக்கு அவள் ஒரே தங்கச்சி. அவள் சொன்னதில் ஒரு சொல் பிசகக் கூடாது என்று குலசாமி மேல் சத்தியம் செய்துகொண்டான்.

பலகையைச் சாய்த்து, நீளமான நாலு சக்கர டிரெய்லரில் மிஷினை ஏற்றினார்கள். அவனும் கூட்டாளி கூழையனும் வடக்கயிறு போட்டுக் கட்டினார்கள். எத்தனை தடவை இழுத்தாலும் கயிறு தொய்ந்தது.

"நடுவுல கம்பியைக் குடுத்து முறுக்குனாத்தான் இறுகும் மச்சான்," என்றான் கூழையன்.

கம்பிக்கு எங்கே போக? தேடினார்கள். டிராக்டரையும் டிரெய்லரையும் கோத்திருந்த இரும்பு முளை கண்ணில் பட்டது.

"இதை உருவலாமா?"

சடையப்பன் தாடையைச் சொறிந்தபடி யோசித்தான். "ரெண்டு வண்டிக்கும் நடுவுல வெட்டியாத்தான நிக்குது? உருவு. அதுக்கும் ஒரு வேலை குடுப்போம்."

முறுக்கினார்கள். கயிறு விறைத்தது. இருவரும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றையே முறைத்தார்கள். டிரைவர் ஒச்சப்பன் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு டிராக்டரைக் கிளப்பிப் போனான்.

"ஒரு குலுக்கல் இல்லையே மச்சான்! ரோடு புதுசாப் போட்ருக்காங்களோ?"

"பேசாதடா. கயித்தைப் பாரு."

வெகு நேரம் கழித்துப் போன் அடித்தது. வெள்ளத்தாயி அழுதேவிட்டாள். "அண்ணே, டிராக்டர் மட்டும் வந்து நிக்குது! மிஷின் எங்கண்ணே?"

"மிஷின் இங்கதான் தாயி, இம்மியும் அசையல."

சொன்ன பிறகுதான் சடையப்பனுக்கு உறைத்தது. கயிற்றைப் பார்த்தபடியே தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப் பாவி கூழையா! கட்டுன மிஷின் இருக்கு. கட்டாத டிராக்டர் கழண்டு விழுந்திருச்சு, பாத்தியா?"

"அதானே! அதையும் கட்டணும்னு நமக்குத் தோணலையே!"

ஒச்சப்பனை அடித்துப் பிடித்து வரவழைத்தார்கள். அதே பலகை வழியாக டிராக்டரையும் டிரெய்லர் மேலேயே ஏற்றி, மிஷினோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். ஒச்சப்பன் ஸீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தான். மற்ற இருவரும் கயிற்றைப் பார்த்தார்கள். முதல் தூறல் சடையப்பன் மூக்கில் விழுந்தது.

மறுபடி போன். "அண்ணே, கிளம்பிட்டீங்களா?"

"எப்பவோ கிளம்பியாச்சு தாயி! நீ கவலைப்படாத. இனிமே டிராக்டர் எங்களை விட்டுட்டுத் தனியா வராது."