தீட்டுச் சொன்ன மரத்தவளை

கேளுங்கள் ஐயா, கேளுங்கள் அம்மா. மலைகளுக்கு மனிதர் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். மஞ்சுமலை நாட்டை நெடுங்குடையான் என்ற ராஜா ஆண்டார். ரொம்ப நல்லவர். அதுதான் சங்கடம்.

ஒரு வருஷம் மழை தவறியது. தவளைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்றார் புரோகிதர் அப்பண்ணா. காட்டிலிருந்து பச்சை மரத்தவளை ஜோடி ஒன்றைப் பிடித்துவந்து, உடம்பெல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசித் தாலி கட்டினார்கள். தவளையோ தோலால் மூச்சு விடும் பிராணி. கெட்டிமேளம் ஓய்வதற்குள் இரண்டுக்கும் கண் செருகிவிட்டது.

“பெண்ணுக்கு வெட்கம்” என்றார் புரோகிதர்.

“மாப்பிள்ளைக்கு?” என்று கேட்டார் ராஜா.

“அவருக்கும்தான்.”

மழை வரவில்லை. மறு வருஷம் ஊருக்கு ஒரு ஜோடி. அதற்கும் வரவில்லை. மூன்றாம் வருஷம் வீட்டுக்கு ஒரு ஜோடி. விருந்து பலம், பாயசம் மூன்று வகை. காடுதான் ஊமையாகிவிட்டது.

நான்காம் வருஷம் தேடித் தேடிப் பார்த்தால், ஓடைக்கு மேலே ஓர் இலையில் ஒரே ஒரு பெண் தவளை. பக்கத்தில் நுரை உருண்டை, அதற்குள் முட்டைகள். மாப்பிள்ளை அகப்படாததால் ஒரு பாகற்காய்க்கு வேட்டி கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

“வாம்மா, கல்யாணப் பெண்ணே!” ராஜாவே மஞ்சள் கிண்ணத்தோடு குனிந்தார்.

“தொடாதீர்கள் மகாராஜா! நான் பிள்ளை பெற்றவள். தீட்டு” என்றது தவளை.

அப்பண்ணா துள்ளிப் பின்வாங்கினார். “பத்து நாள் கிட்டே போகக்கூடாது ராஜா!”

“பத்து நாள் பாகற்காய் தாங்குமா ஐயா?” என்றார் ராஜா.

“பிள்ளைக்குப் பத்து நாள் சாமி” என்றது தவளை. “இதில் முந்நூற்று அறுபத்தைந்து இருக்கிறது.”

“எல்லாம் ஒரே பிரசவம்தானே?” என்றார் புரோகிதர்.

“ஒவ்வொன்றாகத்தானே வைத்தேன்? வலித்தது உமக்கா, எனக்கா?”

அப்பண்ணா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விரல் விட்டு எண்ணினார். வியர்த்துப்போனார். “பத்து வருஷம், மகாராஜா.”

ராஜா சாஸ்திரம் மீறாதவர். காட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் நுழையக்கூடாது என்று தண்டோரா போடச் சொன்னார். எல்லோரும் ஓடிப்போய்த் தலைமுழுகியதில் ஊரில் மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்தது.

எட்டாம் நாள் மழை தன்பாட்டுக்கு வந்தது. நுரை கரைந்து, குஞ்சுகள் சொட்டுச் சொட்டாய் ஓடையில் விழுந்தன. அரண்மனையிலோ, எல்லாம் பாகற்காயின் மகிமை என்று முடிவு செய்து அதற்கு ஒரு கோயில் கட்டினார்கள்.

ஆகவே ஐயா, ஓர் உயிர் எப்படி வாழ்கிறது என்று தெரியாதவர் அதற்குச் செய்யக்கூடிய பெரிய நன்மை, கிட்டே போகாமல் இருப்பதுதான்.