ஒரே ஒரு சூப்பர்வைசர் நாற்காலி

பனியன் கம்பெனி என்றாலே முகத்தைச் சுளிப்பவர்கள் இந்தப் புதிரை விட்டுவிடலாம். மற்றவர்கள் உட்காருங்கள். விடை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

திருப்பூருக்குப் பக்கத்தில் செங்கோடன் என்பவர் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திவந்தார். காலர் வைத்த சட்டைதான் அவருடைய சரக்கு. எல்லோருக்கும் பீஸ் கூலி. எத்தனை தைக்கிறார்களோ அத்தனைக்குக் காசு. அந்த வருஷம் மாசியில் ஒரு பெரிய ஆர்டர் வந்து மாட்டிக்கொண்டது. சொன்ன தேதியில் கப்பலேறாவிட்டால் கம்பெனியைப் பூட்டிச் சாவியைப் பேங்கில் கொடுக்க வேண்டியதுதான். மனிதர் டெய்லர்களைக் கூப்பிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"யாரால இது கரை சேருதோ, அவங்கதான் இனி சூப்பர்வைசர். மாசச் சம்பளம். ஒரே ஒரு எடந்தான் இருக்குது."

வாய்விட்டுச் சொல்வது சுலபம். மாட்டிக்கொண்டு முழிப்பது அப்புறம்தானே!

கடைசி மெஷினில் இலக்கியா என்ற பெண் இருந்தாள். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் வந்து உட்கார்ந்தவள். தையலில் சரியான ஆமை. கம்பெனியிலேயே குறைந்த கூலி அவளுக்குத்தான். படிச்ச புள்ளை இதுக்கு லாயக்கில்லை என்று செங்கோடனே முடிவுகட்டியிருந்தார். ஒருநாள் அவள் அவரை அழைத்துப்போய், காலர் மேசைக்கு முன்னால் துணி மலையாகக் குவிந்திருப்பதையும், அதற்கு அடுத்த டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதையும் காட்டினாள். மற்றவர்களை விரட்டிப் பிரயோசனமில்லை, காலர் வைக்க இன்னும் மூன்று பேர் இருந்தால் எல்லாமே ஓடும் என்றாள். செங்கோடன் அந்த வழியாகத்தான் தினமும் நடக்கிறார். ஒருநாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

ஆனால் சுருக்கம் விழாமல் காலர் வைக்கத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். மயிலாத்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். அந்தக் கைவேலையால்தான் எல்லோரையும்விட அவளுக்குக் கூலி அதிகம். யாராவது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அங்கே எல்லா டெய்லரும் அப்படித்தான், தன் வித்தையைத் தானே வைத்துக்கொள்வார்கள். காலர் வேலை நான்கு பேருக்குப் பங்காகிவிட்டால் அவள் கதி என்ன? அந்த வித்தையை மூன்று பேருக்குக் காட்டிக்கொடுக்கச் சொல்லிச் செங்கோடன் கூசிக்கூசித்தான் கேட்டார். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"என் பொழப்புல பாதியக் கேக்கறீங்க," என்றாள். "கம்பெனி போச்சுன்னா எல்லாத்து பொழப்பும் போயிரும். வரச் சொல்லுங்க, காட்டறேன்."

காட்டினாள். ஒருவருக்கும் வரவில்லை. துணியை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்று கேட்டால், அது கைக்குத் தெரியும் என்பாள். அவள் ஒளிக்கவில்லை, பாவம். சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் அங்கே தைத்துக்கொண்டிருந்த ஜரினா எழுந்து வந்தாள். பத்தாவது வரை படித்தவள். தன் தையலைப் போட்டுவிட்டு மயிலாத்தாளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலரை நான்காக மடித்து, மடிப்புக்கு ஒரு புள்ளி சாக்கட்டியால் வைத்தாள். சட்டைக் கழுத்திலும் அதே மாதிரி வைத்தாள். புள்ளியும் புள்ளியும் சேருகிற அளவுக்கு இழுத்தால் போதும்! தன் கூலி போனாலும் போகட்டும் என்று மூன்று பேருக்கும் பழக்கிவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! குவியல் கரைந்தது. கடைசி மெஷின் வரைக்கும் ஒரு கையும் சும்மா இல்லை. அதே மெஷின், அதே ஆட்கள், அதே கரண்டு. சட்டைகள் மட்டும் வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருஷமும் இது இங்கேயேதான் இருந்ததா கடவுளே என்று செங்கோடன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆர்டர் தேதிக்குள் கப்பலேறியது. மற்ற எல்லோர் கூலியும் கூடியது, மயிலாத்தாளுக்கு இறங்கியது. இலக்கியா அப்போதும் ஆமைதான், அவள் கூலி அப்படியே கிடந்தது. பழக்கிக் கொடுத்த நாட்களுக்கு ஜரினாவுக்குக் காசே இல்லை.

வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! இலக்கியா பார்க்காவிட்டால் வழி தெரிந்திருக்காது. மயிலாத்தாள் மனது வைக்காவிட்டால் காட்ட ஆளில்லை. ஜரினா இல்லாவிட்டால் காட்டியும் பயனில்லை. இதில் இன்னொரு சிக்கல்: சூப்பர்வைசர் ஆர்டர் தாளை வாசித்தாக வேண்டும், மயிலாத்தாளுக்குத் தன் பெயரே எழுத வராது. தப்பாகக் கொடுத்தால் இனி அந்தக் கம்பெனியில் யாரும் யாருக்கும் எதையும் காட்டமாட்டார்கள்.

நீங்கள் செங்கோடனாக இருந்தால், அந்த நாற்காலியை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: மயிலாத்தாளுக்கு. இலக்கியாவின் யோசனை கொடுத்த பிறகும் அவளிடமே இருக்கிறது. ஜரினாவுக்குச் சில நாள் கூலிதான் போனது, திறமை எங்கேயும் போய்விடவில்லை. மயிலாத்தாள் கொடுத்தது மட்டும்தான் திரும்பி வராதது, அந்த வித்தை இனி அவளுடையது மட்டுமல்ல. செங்கோடனும் அப்படித்தான் தீர்த்தார். ஆனால் அவள் உடனே உட்காரவில்லை. வாசிக்க இலக்கியாவும், பழக்க ஜரினாவும் பக்கத்தில் வேண்டும், அவர்களுக்கும் மாசச் சம்பளம் போட வேண்டும் என்றாள். "பீஸை எண்ணிக் கூலி போட்டா, அந்தப் புள்ளைக செஞ்சது மத்தவங்க கூலியிலதானுங்க போய்ச் சேரும்." செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கேட்டபடியே அந்த இரண்டு பேருக்கும் மாசச் சம்பளம் போட்டார்.